ஆட்டக்களத்தில் ஓர் உழைப்பாளர்

விளையாட்டு உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு ஊக்கமும் தருவது. அன்றாடக் கவலைகளை மறக்கச் செய்வது. ஆட்டக்களத்தில் ஏழை என்றும் செல்வர் என்றும் வேறுபாடு இல்லை; ஓடுபவன் கால்வலிமையும் ஆடுபவன் கைத்திறமும் மட்டுமே ஆங்கு மதிப்புப் பெறும் என்று நாம் கூறுவது வழக்கம். ஆயினும், களத்திற்குள் நுழையுமுன்பே ஒருவனுடைய வறுமை அவனை வாயிலில் தடுத்து நிறுத்துமாயின், உள்ளே நிலவும் சமநிலையால் அவனுக்கு என்ன பயன்? இவ்வினா 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து நாட்டில் எழுந்தது. ரக்பி என்னும் பந்தாட்டத்தையே இரு கூறாகப் பிளந்தது. அப்பிளவுக்கு முன்னும் பின்னும் ஆடி, அதன் இன்ப துன்பங்களைத் தம் வாழ்விலேயே கண்டவர் ரிச்சர்டு லாக்வுட் என்பவர். மக்கள் அவரை டிக்கி லாக்வுட் என்று அன்புடன் அழைத்தனர். அவருடைய வாழ்க்கையை ஈண்டுக் காண்போம்.

ரக்பி ஆட்டத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ரக்பி என்னும் ஊர் உளது. அவ்வூரிலுள்ள புகழ்பெற்ற பள்ளியில் தோன்றி வளர்ந்தமையால் இவ்வாட்டம் அப்பெயர் பெற்றது. அப்பள்ளி மாணவர்கள் 1845ஆம் ஆண்டில் இதன் விதிகளை எழுத்தில் வடித்தனர். இதில் ஆடப்பெறும் பந்து உருண்டையாக இராது. முட்டை வடிவாக இருக்கும். பந்தைக் காலால் உதைப்பதோடு கையில் ஏந்தி ஓடவும் செய்வர். கையால் முன்னோக்கி எறிதல் கூடாது; பக்கத்திலோ பின்னாலோ வரும் தோழனுக்கே எறிதல் வேண்டும். எதிரிகள் குறுக்கே பாய்ந்து, ஓடுபவனைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவர். எதிரியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தல் 'டிரை' எனப்படும். அதன்பின், உயர்ந்து நிற்கும் இரு கம்பங்களுக்கிடையே குறுக்குக் கட்டைக்கு மேலாகப் பந்தை உதைத்துக் 'கோல்' பெறுவர். வலிமை, விரைவு, நுண்ணறிவு, அஞ்சாமை ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டப்படும் ஆட்டம் இது.

1871ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், 21 கழகங்களின் சார்பாளர்கள் இலண்டனில் கூடி ரக்பி சங்கத்தை நிறுவினர். அச்சங்கத்தின் விதிகளை வகுத்தவர் மூவர், மூவரும் வழக்கறிஞர், மூவரும் ரக்பிப் பள்ளியில் பயின்றவர். செல்வக் குடும்பத்தினர் பயிலும் பள்ளிகளில் கற்றவர்களே தொடக்கத்தில் இவ்வாட்டத்தைப் பேணினர் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் ஆட்டம் அவர்கள் அளவில் நின்றுவிடவில்லை. இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்ஷயர், லங்காஷயர் என்னும் இரு பெரும் மாவட்டங்கள் உள்ளன. கம்பளி ஆலைகளும், பருத்தி ஆலைகளும், நிலக்கரிச் சுரங்கங்களும் அக்காலத்தே அங்கு நிறைந்திருந்தன. 1850ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் பெண்டிரும் இளையோரும் சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணிக்குமேல் வேலை செய்தலைத் தடுத்தது. நாளடைவில் சனிக்கிழமைப் பிற்பகல் உழைப்பாளர் பலர்க்கும் ஓய்வுப் பொழுதாயிற்று. அவ்வோய்விலே ரக்பி ஆட்டம் வேரூன்றியது. 1877ஆம் ஆண்டில் யார்க்ஷயர்க் கோப்பைக்கான போட்டி தொடங்கியதும் ஊருக்கு ஊர் ஆர்வம் பெருகிற்று. ஆயிரக்கணக்கான மக்கள் காசு கொடுத்து ஆட்டம் காண வந்தனர். கழகங்களின் பெட்டி நிறைந்தது. வேர்வை சிந்தி ஆடியவனுடைய பை வெறுமையாகவே இருந்தது.

இத்தகைய சூழ்நிலையில், வேக்பீல்டு நகருக்கு அண்மையிலுள்ள கிரிகில்ஸ்டன் என்னும் ஊரில், 1867ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் லாக்வுட் பிறந்தார். உடலுழைப்பால் பிழைக்கும் எளிய குடும்பம் அது. பெரும்பள்ளிக் கல்வியோ முன்னோர் தேடிவைத்த பொருளோ அவருக்கு இல்லை. 1884ஆம் ஆண்டில், தம் 16ஆம் வயதில், டியூஸ்பரி நகரக் கழகத்தின் முதற்குழுவில் அவர் இடம் பெற்றார். பழங்கம்பளித் துணிகளைக் கிழித்து நாராக்கி, மீண்டும் நூற்று நெய்யும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் டியூஸ்பரி. அவ்வூர் ஆலைத் தொழிலாளர் சனிக்கிழமைதோறும் அவ்விளைஞரின் ஆட்டத்தைக் கண்டு களித்தனர்.

லாக்வுட்டின் உருவம் காண்பார்க்கு வியப்பளிப்பது. அவருடைய உயரம் ஐந்தடி ஐந்தங்குலத்தை எட்டவில்லை. மலைபோன்ற மேனியர் மோதும் களத்தில் இச்சிறுவன் என் செய்வான் என்று எண்ணியவர், ஆட்டம் தொடங்கிய சிறிது பொழுதில் தம் எண்ணத்தை மாற்றிக்கொள்வர். முன்னணி வீரர்களுக்குப் பின்னே நின்று, பந்தைப் பெற்றதும் விரைந்தோடும் 'திரீகுவார்ட்டர்' என்னும் நிலையில் அவர் ஆடினார். விரைந்து ஓடுதல், திடீரெனத் திசை மாறுதல், பெருத்த எதிரியையும் தயங்காது பற்றி வீழ்த்துதல், குறிதவறாது உதைத்தல் ஆகிய அனைத்தும் அவர்பால் அமைந்திருந்தன. மக்கள் அவரைச் 'சின்ன டிக்' என்றும், 'உலக வியப்பு' என்றும் பட்டப்பெயரிட்டு அழைத்தனர்.

1887ஆம் ஆண்டு ஜனவரி மாதம், 19 வயதே நிரம்பிய லாக்வுட் இங்கிலாந்து நாட்டின் குழுவில் இடம்பெற்றார். வேல்ஸ் நாட்டினரோடு லனெல்லி நகரில் நிகழ்ந்த ஆட்டம் அது. கடும்பனியால் ஆட்டக்களம் உறைந்துவிட்டமையால், அடுத்திருந்த கிரிக்கெட் திடலுக்கு ஆட்டத்தை மாற்றினர். இரு சாராரும் புள்ளி ஒன்றும் பெறாமலே அது முடிவுற்றது. அவ்வாண்டில் அயர்லாந்தையும் ஸ்காட்லாந்தையும் எதிர்த்தும் அவர் ஆடினார். பின்னர், ஆட்ட விதிகளை வகுக்கும் உரிமை யாருக்கு என்பது பற்றி நாடுகளுக்கிடையே பூசல் மூண்டது. அதனால் 1888, 1889 ஆகிய ஈராண்டுகளிலும் இங்கிலாந்து அண்டை நாடுகளோடு ஆடவில்லை. எனினும், நியூசிலாந்திலிருந்து மாவோரி இனத்தவர் பெரும்பான்மையராய் அமைந்த குழுவொன்று இங்கிலாந்துக்கு வந்திருந்தபோது, 1889இல் அதனை எதிர்த்த இங்கிலாந்துக் குழுவில் லாக்வுட்டும் இருந்தார்.

அவருடைய புகழ் வளர்ந்துவந்த அதே காலத்தில், சங்கத்தின் கட்டுப்பாடும் இறுகிவந்தது. காலால் மட்டும் ஆடும் உதைபந்தாட்டத்தில் ஆட்டக்காரர்க்கு ஊதியம் அளிக்கலாம் என்று 1885ஆம் ஆண்டில் முடிவு செய்யப்பட்டது. அந்நிலை தம் ஆட்டத்திற்கும் வந்துவிடுமோ என்று ரக்பி சங்கத்தார் அஞ்சினர். ஆதலின், ஆட்டத்தின்பொருட்டு எவரும் எவ்வகையிலும் பொருள் பெறுதல் கூடாது என்று 1886ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் விதி செய்தனர். அவ்விதியின் கடுமைக்கு ஒரு சான்று காண்க. 1888ஆம் ஆண்டில் பிரிட்டனிலிருந்து ஒரு குழு ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்றது. ஹாலிபாக்ஸ் நகரத்து வீரராகிய கிளவுஸ் என்பவர், பயணத்திற்குரிய ஆடைகள் வாங்குவதற்கென 15 பவுன் பெற்றுக்கொண்டார். அதனால் அவர் ஊதியத்திற்கு ஆடுபவர் என்று சங்கம் தீர்ப்புக் கூறிற்று. உலகின் மறுகோடிவரை கப்பலேறிச் சென்ற அவர், அங்கே ஓர் ஆட்டமும் ஆடாமலே திரும்ப நேர்ந்தது!

இவ்விதியின் நிழல் லாக்வுட்டின்மீதும் விழுந்தது. 1889ஆம் ஆண்டில் அவர் டியூஸ்பரிக் கழகத்தை விட்டு, அண்மையிலிருந்த ஹெக்மண்ட்வைக் என்னும் சிற்றூரின் கழகத்திற் சேர்ந்தார். பொருள் பெற்றே அவர் இடம் மாறினார் என்று குற்றம் சாட்டப்பட்டது. யார்க்ஷயர் ரக்பிச் சங்கத்தார் அவரை விசாரித்தனர். குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை, ஆதலின் அவர் விடுவிக்கப்பட்டார். ஆட்டத்திறத்தால் நாட்டுக்குப் பெருமை தேடித் தந்த ஓர் இளைஞர், கைநீட்டிப் பொருள் பெற்றனரோ என்ற ஐயத்துக்கு விடையிறுக்கும் நிலையில் நின்றமை எண்ணத்தக்கது.

அதன்பின் அவருடைய புகழ் உச்சியை எட்டியது. மாவட்டங்களுக்கிடையே நடந்த போட்டியில், 1889 முதல் 1896 வரையுள்ள எட்டு ஆண்டுகளுள் ஏழில் யார்க்ஷயரே வாகை சூடியது. அவ்வெற்றிக் காலத்தின் தலைசிறந்த வீரர்களுள் லாக்வுட்டும் ஒருவர். 1892ஆம் ஆண்டில் வேல்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய மூன்று நாடுகளையும் இங்கிலாந்து வென்றது. அம்மூன்று ஆட்டங்களிலும் எதிரிகள் ஒரு புள்ளியேனும் பெறவில்லை. மூன்றிலும் லாக்வுட் ஆடினார். எடின்பரோ நகரில் ஸ்காட்லாந்தை 5 புள்ளிகளால் வென்ற ஆட்டத்தில், டிரைக்குப் பின் கோலை உதைத்து முடித்தவர் அவரே.

புகழ் இவ்வாறு ஓங்கியபோதும், வாழ்க்கைக் கணக்கு வேறாக இருந்தது. உள்ளூர் ஆட்டமாயின், சனிக்கிழமை வேலை முடிந்து சென்று ஆடலாம். தொலைவிலுள்ள நகருக்குச் செல்வதாயின், ஒரு நாளோ இரு நாளோ வேலையை விடுதல் வேண்டும். வழிச்செலவைச் சங்கம் தரலாம். ஆனால் வேலைக்குப் போகாத நாளுக்கு ஆலை முதலாளி கூலி தாரார். செல்வர்க்கு அவ்விழப்பு ஒரு பொருட்டன்று. நாட்கூலியால் மனைவி மக்களைக் காப்பவனுக்கோ, ஒருநாட் கூலி குறைந்தால் அடுப்பில் அன்று நெருப்புக் குறையும். இழந்த கூலியை மட்டுமேனும் ஈடு செய்தல் வேண்டும் என்று வடபகுதிக் கழகங்கள் கேட்டன. அவர்கள் வேண்டியது பரிசன்று, இழப்புக்கு ஈடே.

1893ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் இலண்டனில் கூடிய சங்கப் பேரவையில், இக்கோரிக்கையை யார்க்ஷயர்ச் சார்பாளர் கொண்டுவந்தனர். மறுத்தவர் பக்கத்திலும் ஒரு நியாயம் கூறப்பட்டது. சிறிது பணத்திற்கு வாயில் திறந்தால் பெரும்பணம் பின்தொடரும், ஆட்டம் வாணிகமாகிவிடும், பொருளில்லாத சிறு கழகங்கள் அழியும், ஆடுதற்கென்றே ஆடும் இன்பம் மறையும் என்று அவர்கள் அஞ்சினர். அவ்வச்சம் முற்றும் பொருளற்றது என்று கூறுதல் இயலாது. எனினும், பணத்தை விரும்பாதிருத்தல் பணமுடையார்க்கு எளிது என்பதை அவர்கள் எண்ணிப்பார்த்திலர். வாக்கெடுப்பில் கோரிக்கைக்கு 136 வாக்குகளும், எதிராக 282 வாக்குகளும் கிடைத்தன. கோரிக்கை தோற்றது.

இத்தோல்வி நிகழ்ந்த சில திங்களில், இங்கிலாந்துக் குழுவின் தலைமை லாக்வுட்டை வந்தடைந்தது. உழைப்பாளர் குடியிற் பிறந்த ஒருவர் அப்பதவியைப் பெறுதல் அக்காலத்தில் மிக அரிது. 1894ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் பர்க்கன்ஹெட் நகரில் வேல்ஸ் குழுவை அவர் தலைமையில் இங்கிலாந்து எதிர்த்தது. வேல்ஸ் முந்திய ஆண்டில் மற்ற மூன்று நாடுகளையும் வென்ற பெருமையுடையது. ஆர்தர் கூல்டு என்னும் பெருவீரரின் தலைமையில் வந்தது. திரீகுவார்ட்டர் நிலையில் மூவர்க்குப் பதிலாக நால்வரை நிறுத்தும் புதுமுறை வேல்ஸ் நாட்டில் வளர்ந்தது. இங்கிலாந்து அன்று அம்முறையையே மேற்கொண்டு, அதனைக் கண்டவர்களையே எதிர்த்தது. ஆட்ட முடிவில் இங்கிலாந்து 24 புள்ளிகளும் வேல்ஸ் 3 புள்ளிகளும் பெற்றன. அடுத்த திங்களில் அயர்லாந்துக்கு எதிராகவும் லாக்வுட்டே தலைமை தாங்கினார். அவ்வாட்டத்தில் 7க்கு 5 என்ற கணக்கில் அயர்லாந்து வென்றது.

மார்ச் மாதத்தில் ஸ்காட்லாந்தோடு ஆடவேண்டிய நாள் வந்தது. ஆட்டம் எடின்பரோவில். இரண்டாண்டுகளுக்கு முன் கோலை உதைத்து வெற்றியை நிறைவு செய்த அந்நகருக்கு இம்முறை அவர் செல்ல இயலவில்லை. அத்துணைத் தொலைவு சென்று வருதற்குரிய நாட்களுக்கு வேலையை விட்டு நிற்க அவரால் முடியவில்லை. நாட்டுக் குழுவின் தலைவர், கூலியிழக்கும் ஆற்றலில்லாமையால் நாட்டுக்கு ஆடாது நின்றார்! அதனோடு அமையவில்லை. அந்நாளில் தம் ஊர்க் கழகத்திற்காகவேனும் ஆடலாம் என்று அவர் கருதியபோது, நாட்டுக்கு ஆட வாராதவர் கழகத்திற்கும் ஆடலாகாது என்று சங்கம் தடுத்தது. இழந்த கூலியையும் தாரோம். இழவாதிருந்தால் ஆடவும் விடோம் என்னும் இந்நிலை அவருக்கு எத்துணைக் கசப்பாயிருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இங்கிலாந்துக்காக 14 முறை ஆடிய லாக்வுட், அதன்பின் நாட்டுக் குழுவில் ஆடவேயில்லை.

அடுத்த ஆண்டு பிளவு நேர்ந்தது. 1895ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் ஹட்டர்ஸ்பீல்டு நகரிலுள்ள ஜார்ஜ் விடுதியில் வடபகுதிக் கழகத்தார் கூடினர். பழைய சங்கத்தை விட்டு நீங்கி, 'வடக்குச் சங்கம்' என்னும் புதிய அமைப்பைத் தோற்றுவித்தனர். வேலையிழக்கும் நாளொன்றுக்கு 6 ஷில்லிங்குக்கு மேற்படாமல் ஈடு தரலாம் என்று விதித்தனர். 20 ஷில்லிங் கொண்டது அந்நாளில் ஒரு பவுன். அச்சிறு தொகைக்காக ஓர் ஆட்டமே இரண்டாயிற்று என்றால், அத்தொகையின் பின்னே நின்ற மானவுணர்ச்சி எத்துணைப் பெரிது!

லாக்வுட்டும் புதிய சங்கத்திற் புகுந்து, வேக்பீல்டு டிரினிட்டி என்னும் கழகத்திற்கு ஆடினார். அவ்வடி எளிதில் எடுத்து வைக்கக்கூடியதன்று. வடக்குச் சங்கத்தில் ஒருமுறை ஆடியவர்க்குப் பழைய சங்கத்தின் கதவு மூடப்படும். இங்கிலாந்துக் குழுவின் முன்னாள் தலைவர் என்ற பெருமையும் அவரைக் காவாது. அதனை அறிந்தே அவர் தம் மக்களோடு நின்றார்.

புதிய வழி அவரைச் செல்வராக்கவில்லை. 1897ஆம் ஆண்டில் கடன்சுமை தாங்காது அவர் நொடித்துப்போனார். கடனைத் தீர்க்க வீட்டுப் பொருள்களையும் விற்க நேர்ந்தது. பல்லாயிரவர் காசு கொடுத்துக் காண வந்த வீரரின் இல்லம் வெறுமையாயிற்று. ஆயினும் அவர் களத்தை விட்டிலர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள்வரை தொடர்ந்து ஆடினார். இளமையில் தமக்கு முதலிடம் தந்த டியூஸ்பரிக் கழகத்திற்கும் மீண்டும் ஆடினார். 1915ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் லீட்ஸ் நகரில் உயிர் நீத்தார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு 48 ஆண்டுகள் நிறைந்திருக்கும்.

வடக்குச் சங்கத்தின் ஆட்டம் நாளடைவில் தனியுருப் பெற்றது. 1906ஆம் ஆண்டில் ஒரு குழுவுக்கு 15 பேர் என்றிருந்தது 13 பேர் ஆயிற்று. 1922ஆம் ஆண்டில் அச்சங்கம் 'ரக்பி லீக்' என்னும் பெயர் பூண்டது. பழைய முறை 'ரக்பி யூனியன்' எனப்பட்டது. இவ்வாறு ஒரு தாய் வயிற்றில் பிறந்த இரண்டும் வேறு வேறு ஆட்டங்களாயின. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பழைய முறையைப் பின்பற்றுவோரும் ஆட்டக்காரர்க்கு ஊதியம் அளிக்கலாம் என்று முடிவு செய்தனர். வடக்குக் கழகத்தார் பிரிந்து சென்று அப்போது சரியாக 100 ஆண்டுகள் ஆகியிருந்தன. லாக்வுட் மறைந்து 80 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாணவர்களே! எல்லார்க்கும் ஒரே விதி என்பது கேட்பதற்கு இனியது. ஆயினும், நிறைந்த களஞ்சியமுடையவனையும் அன்றாடம் அரிசி வாங்குபவனையும் ஒருநாள் உண்ணாதிருக்கச் சொல்லும் விதி, இருவர்க்கும் ஒரே சுமையைத் தருவதன்று. விதி செய்பவர் அதனைத் தாங்குபவரின் தோளையும் நோக்குதல் வேண்டும். லாக்வுட் மேடையேறிப் பேசியோ நூல் எழுதியோ இவ்வுண்மையை உரைக்கவில்லை. களத்தில் வீரராகவும் களத்துக்கு வெளியே உழைப்பாளராகவும் வாழ்ந்த அவருடைய வாழ்க்கையே இதனை உரைத்தது. உருவத்தாற் சிறியராயினும், உழைப்பவனுடைய நேரத்திற்கும் மதிப்பு உண்டு என்று நிலைநாட்ட எழுந்த கூட்டத்தில் அவர் உயர்ந்து நிற்கின்றார்.